லாஞ்ச் கன்ட்ரோல் மூன்றாவது தடவை ஏன் மறுத்தது? உள்ளே நடப்பது என்ன?

கேள்வி: இரண்டாம்கியர்

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக என் வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டினேன். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், நான்கு சக்கர டிரைவ், ஆறு கியர் கொண்ட டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ், கிளட்ச் எண்ணெயில் ஓடும் வகை. என்னையும் சேர்த்து எடை சுமார் 1,600 கிலோ.

ஆறு சுற்று நன்றாக விரட்டி ஓட்டிவிட்டு, கடைசியில் இருக்கும் நேர்ப்பாதையில் லாஞ்ச் கன்ட்ரோல் (நின்ற இடத்திலிருந்து மிக வேகமாகப் புறப்பட உதவும் வசதி) முயன்றேன். கையேட்டில் உள்ளபடிதான் செய்தேன். ஸ்போர்ட் மோடு, ஈஎஸ்சியும் (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) ஸ்போர்ட்டில், இடது கால் பிரேக்கில் அழுத்தமாக, வலது கால் ஆக்சிலேட்டரில் தரை வரை. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) 3,500-க்கு ஏறி அங்கேயே நின்று நடுங்கியது. சைலன்சரிலிருந்து படபடவென்று சத்தம். பிரேக்கை விட்டதும் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. 0-100 கிமீ 5.0 நொடி. அடுத்த தடவை 5.1. மூன்றாவது தடவை அதே மாதிரி செய்தேன். ஆர்பிஎம் 2,000-ஐத் தாண்டவே இல்லை, திரையில் கியர்பாக்ஸ் சூடு பற்றி ஒரு எச்சரிக்கை வந்தது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி வேலை செய்தது.

எனக்கு உண்மையாகவே புரியாத சில விஷயங்கள். என் எஞ்சினின் உச்ச சக்தி 5,500-க்கு மேல்தான் கிடைக்கிறது, அப்படியிருக்க 3,500-இல் ஏன் நிறுத்துகிறது? அந்தப் படபட சத்தம் என்ன? இரண்டே தடவையில் கியர்பாக்ஸ் அவ்வளவு சூடாகுமா? என்னைவிடச் சக்தி அதிகமுள்ள பின்சக்கர டிரைவ் வண்டி வைத்திருக்கும் நண்பன் அன்று 5.3 நொடிதான் எடுத்தான், அது எப்படி? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.


பதில்: நேர்கோடு

சத்தத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். ஆக்சிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது எஞ்சின் தானாக 6,500 வரை ஓடிவிடப் பார்க்கும். அதை 3,500-இல் பிடித்து வைக்க இசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், சில சிலிண்டர்களில் ஸ்பார்க்கையோ பெட்ரோலையோ வெட்டும். ஸ்பார்க் தாமதமானால் எரிதல் எக்சாஸ்ட் வால்வு திறக்கும் வரை நீளும். எரிந்துகொண்டிருக்கும் வாயு வெளியே போய்த்தான் அந்தப் படபட சத்தம் எழுகிறது. டர்போ வண்டியில் இதற்கு ஒரு லாபமும் உண்டு. அந்தச் சூடான வாயு டர்பைனைச் சுழற்றுவதால் வண்டி நின்ற இடத்திலேயே பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றழுத்தம்) ஏறிவிடுகிறது. சாதாரணமாகப் புறப்படும்போது டர்போ விழித்துக்கொள்ள எடுக்கும் நேரம் இதில் மிச்சம்.

மற்றபடி கிளட்ச் முழுக்கத் திறந்திருக்கும், பிரேக்கை விட்டதும் சுவிட்ச் போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.


பதில்: எண்ணெய்க்கை

நேர்கோடு சத்தத்தைப் பற்றிச் சொன்னது சரி. கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவிட்ச் போட்ட மாதிரி மூடினால் ஒன்று டயர் நின்ற இடத்தில் சுழலும், இல்லை எஞ்சின் அமுங்கி அணையப் பார்க்கும், இரண்டும் இல்லையென்றால் டிரைவ் ஷாஃப்ட் முறியும். லாஞ்ச் கன்ட்ரோலின் முழுக் கலையும் கிளட்ச் மூடாமல், திறக்காமல், நடுவில் வழுக்கிக்கொண்டே இருக்கும் அந்த ஒரு நொடியில்தான் இருக்கிறது.

பதினான்கு வருடமாக டூயல் கிளட்ச் கியர்பாக்ஸைப் பிரித்துச் சேர்ப்பதுதான் என் வேலை. அதனால் தம்பி கேட்ட 3,500 கணக்கை கிளட்ச் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

பிரேக்கை விட்ட கணத்தில் எஞ்சின் 3,500 சுற்றில் இருக்கிறது, சக்கரம் பூஜ்யத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது கிளட்ச். உங்கள் எடையுள்ள வண்டியில் முதல் கியரில் 3,500 ஆர்பிஎம் என்றால் ஏறக்குறைய 30 கிமீ வேகம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வண்டி 0-விலிருந்து 30-ஐ எட்டும் வரை கிளட்ச்சின் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றும். கிட்டத்தட்ட ஒரு நொடி முழுக்க அது உரசிக்கொண்டேதான் இருக்கும்.

இங்கேதான் பலரும் தவறவிடும் விஷயம் இருக்கிறது. வழுக்கிக்கொண்டிருக்கும் கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்தும் என்பது பிளேட்டை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதற்கு அதில் பங்கு மிகக் குறைவு. 300 நியூட்டன் மீட்டர் கடத்தும் அளவுக்கு ஹைட்ராலிக் அழுத்தம் கொடுத்தால் 300தான் போகும், எஞ்சின் 3,500-இல் இருந்தாலும் சரி, 5,500-இல் இருந்தாலும் சரி. சக்கரத்துக்குக் கிடைக்கும் தள்ளல் ஒன்றுதான். கூடுதல் ஆர்பிஎம் எல்லாம் சூடாகத்தான் போகும்.

அந்தச் சூடு எவ்வளவு என்று போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் வேகமும் முறுக்குவிசையும் நிலையாக இருந்தால், வழுக்கும் நேரத்தில் எஞ்சின் கொடுக்கும் வேலையில் சரிபாதி வண்டிக்குப் போகும், சரிபாதி கிளட்ச்சில் சூடாகும். அதாவது கிளட்ச் முழுக்கப் பிடிக்கும்போது வண்டியில் எவ்வளவு இயக்க ஆற்றல் ஏறியிருக்கிறதோ அதே அளவு சூடு பிளேட்டில் இறங்கியிருக்கும். 1,600 கிலோ, 30 கிமீ வேகம்: சுமார் 55 கிலோஜூல். இது ஒரே நொடியில். 2,000 வாட் கெட்டில் இருபத்தேழை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி, அதுவும் உள்ளங்கை இரண்டில் அடங்கும் பிளேட் அடுக்குக்குள். அந்த அடுக்கில் இரண்டு கிலோ எஃகு இருந்தால் சராசரியாக 60 டிகிரி ஏறும். உரசும் மேற்பரப்பில் அதைவிட அதிகம்.

இப்போது இதையே 5,500 ஆர்பிஎம்மில் செய்தால் வேகம் 47 கிமீ வரும் வரை வழுக்க வேண்டும். வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி ஆற்றல் கூடுவதால் 137 கிலோஜூல், ஏறத்தாழ இரண்டரை மடங்கு. தள்ளல் அதேதான். இதனால்தான் 3,500.

அப்படியானால் 1,500-இல் புறப்பட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். 1,500-இல் டர்போவுக்கு மூச்சு வராது, எஞ்சின் 300 கொடுக்காது, கிளட்ச் கேட்பதைத் தர முடியாமல் திணறி ஆர்பிஎம் விழுந்துவிடும். எஞ்சின் தேவையான முறுக்குவிசையைத் தயக்கமில்லாமல் கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த சுற்று எதுவோ, அதுதான் நல்ல லாஞ்ச் ஆர்பிஎம். டர்போ இல்லாத எஞ்சினில் அது இன்னும் மேலே இருக்கும், காரணம் அதற்கு முறுக்குவிசை மேல் சுற்றில்தான் வரும். உச்ச சக்தி 5,500-க்கு மேல் என்பது 60, 70 கிமீ தாண்டிய பிறகு பேச வேண்டிய விஷயம். புறப்படும் நொடியில் அதற்கு வேலை இல்லை.

மூன்றாவது தடவை மறுத்த கதைக்கு வருகிறேன். உங்கள் கியர்பாக்ஸில் கிளட்ச் இரண்டு. 1, 3, 5 ஒன்றில், 2, 4, 6 இன்னொன்றில். லாஞ்ச் எடுக்கும்போது அடிபடுவது முதல் கியரைச் சுமக்கும் கிளட்ச் மட்டும்தான். இரண்டாவது கியர் ஏற்கெனவே மாட்டித் தயாராக இருக்கும். மாற்றும் கணத்தில் ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, இழுவை அறுபடாமல் போகும். நான் பிரிக்கும் பெட்டிகளில் இது கண்ணால் தெரியும். அடிக்கடி லாஞ்ச் எடுத்த வண்டியென்றால் ஒற்றைப்படை கிளட்ச்சின் எஃகு பிளேட்டுகளில் நீல நிறத்தில் திட்டுத்திட்டாகச் சூட்டுத் தழும்பு இருக்கும், பக்கத்திலேயே இரட்டைப்படை கிளட்ச் புதுசு மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டருக்கு இது தெரியும். ஒவ்வொரு வழுக்கலிலும் முறுக்குவிசையையும் வேக வித்தியாசத்தையும் பெருக்கி, பிளேட்டில் எவ்வளவு சூடு இறங்கியது என்று தொடர்ந்து கணக்குப் போடும். சில கியர்பாக்ஸில் கிளட்ச் சுழன்று வெளியே வீசும் எண்ணெயின் சூட்டை அளக்கத் தனி சென்சாரே உண்டு. நீங்கள் ஆறு சுற்று விரட்டியதில் எண்ணெய் ஏற்கெனவே சூடாகியிருந்தது. அதன்மேல் அடுத்தடுத்து இரண்டு லாஞ்ச். மூன்றாவதைக் கொடுத்தால் உராய்வுப் பட்டை பளிங்கு மாதிரி இறுகிவிடும் என்று கணக்கு சொன்னதும் தடுத்துவிட்டது. நன்றாக வேலை செய்யும் கியர்பாக்ஸ் உங்களுடையது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு வண்டி வந்தது. மென்பொருளை மாற்றி லாஞ்ச் ஆர்பிஎம்மை 5,000-க்கு ஏற்றி, சூட்டுப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டிருந்தார்கள். எண்ணெயை வடித்தபோது கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தது. ஒற்றைப்படை கிளட்ச்சில் உராய்வுப் பட்டை பாதி இடத்தில் உரிந்து, தூள் வால்வு பாடிக்குள் (எண்ணெய் அழுத்தத்தைப் பிரித்து அனுப்பும் பகுதி) போய் சோலனாய்டுகள் (மின்சாரத்தில் இயங்கும் வால்வுகள்) சிக்கிக்கொண்டிருந்தன. கிளட்ச்சோடு போயிருக்க வேண்டிய செலவு முழுப் பெட்டிக்கும் பரவியது. ஓட்டியவர் நல்ல மனிதர், வண்டியை நேசிப்பவர். எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.


பதில்: பத்துசதவீதம்

எண்ணெய்க்கை அண்ணன் கிளட்ச் வழுக்கலைச் சொல்லிவிட்டார். இன்னொரு வழுக்கல் டயரில் இருக்கிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் (டயர் அளவுக்கு மீறி வழுக்காமல் பார்க்கும் அமைப்பு) மென்பொருளைச் சோதிப்பது என் வேலை என்பதால் அந்தப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டயர் கொஞ்சம்கூட வழுக்காமல் இருந்தால்தான் பிடிமானம் அதிகம் என்று நினைப்போம். அப்படியில்லை. ரப்பர் சற்று இழுபட்டு, தரையைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுழலும்போதுதான் அதன் தள்ளல் உச்சத்துக்குப் போகிறது. உலர்ந்த தார்ச்சாலையில் அந்த உச்சம் பொதுவாக 10-லிருந்து 20 சதவீத வழுக்கலுக்குள் இருக்கும். வண்டி 40 கிமீ வேகத்தில் போகும்போது டயரின் விளிம்பு 45-இல் சுழன்றால் வழுக்கல் சுமார் 11 சதவீதம். இது நல்லது. அதே டயர் 80-இல் சுழன்றால் புகை வரும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தள்ளல் குறைந்துவிடும்.

இதைப் பிடித்து வைப்பது சொல்வது போல எளிதல்ல. வழுக்கலைக் கணக்கிட வண்டியின் உண்மையான வேகம் தெரிய வேண்டும். பின்சக்கர டிரைவில் முன்சக்கரங்கள் சும்மா உருள்வதால் அவற்றின் வேகத்தை நம்பலாம். உங்கள் வண்டியில் நான்கு சக்கரமும் ஓட்டப்படுகின்றன, நான்கும் வழுக்கலாம், அப்போது எதை நம்புவது? முடுக்கமானியின் அளவை நொடிக்கு நொடி கூட்டி வேகத்தை ஊகித்து, சக்கர சென்சார்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே போக வேண்டும். முதல் ஒரு மீட்டரில் இன்னொரு சிக்கல். வண்டி பூஜ்யத்தில் இருக்கும்போது சக்கரம் 3 கிமீ சுழன்றாலும் சதவீதக் கணக்கில் அது 100 சதவீத வழுக்கல். அதனால் ஆரம்பத்தில் சதவீதத்தை விட்டுவிட்டு, சக்கரம் வண்டியைவிட இத்தனை கிமீ வரை வேகமாகப் போகலாம் என்று நேரடி வித்தியாசத்தை வைத்து நடத்துவோம். பழைய காந்தச் சுருள் சென்சார்கள் சக்கரம் ஓரளவு சுழன்ற பிறகுதான் சிக்னலே தரும். கிட்டத்தட்ட நின்ற நிலையிலிருந்தே அளக்கும் சென்சார்கள் வந்த பிறகுதான் இந்த முதல் மீட்டர் எங்கள் கைக்கு வந்தது.

வழுக்கல் மிஞ்சினால் எதைக் குறைப்பது என்பதும் முக்கியம். த்ராட்டிலை (எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வு) மூடினால் காற்றுக்குழாய் காலியாக நேரமாகும், பூஸ்ட்டும் போய்விடும். ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டால் அடுத்த சிலிண்டரிலேயே பலன் தெரியும். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3,500-இல் ஒவ்வொரு 8.6 மில்லி செகண்டுக்கும் ஒருமுறை வெடிக்கிறது. மனிதக் கால் அந்த வேகத்தில் திருத்த முடியாது.

உங்கள் நண்பரின் 5.3 நொடிக்கு வருகிறேன். எஞ்சினை மறந்துவிட்டு டயரை மட்டும் பார்ப்போம். பிடிமானக் கெழு 1, அதாவது டயர் தன் மேலுள்ள எடைக்குச் சமமான தள்ளலைத் தரும் என்று வையுங்கள். அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர், ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர், எடை முன்னும் பின்னும் சரிபாதி. நான்கு சக்கரமும் ஓட்டினால் மொத்த எடையும் பயன்படும், 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) முடுக்கம், 100 கிமீக்கு 2.8 நொடி. பின்சக்கரம் மட்டும் என்றால் பின்னால் உள்ள பாதி எடையோடு, புறப்படும்போது பின்னோக்கிச் சாயும் எடையும் சேரும். கணக்குப் போட்டால் 0.61 ஜி, 4.6 நொடி. எஞ்சின் பின்னால் இருந்து 60 சதவீத எடை பின்சக்கரத்தில் இருந்தால் 0.74 ஜி, 3.8 நொடி. முன்சக்கர டிரைவுக்கு நிலைமை கடினம். 60 சதவீத எடை முன்னால் இருந்தாலும் புறப்படும்போது அது பின்னால் சாய்ந்துவிடுவதால் 0.51 ஜிதான், 5.6 நொடி. சக்தி எவ்வளவு இருந்தாலும் அந்த டயரில் இதற்குக் கீழே இறங்க முடியாது. உங்கள் நண்பருக்கு எல்லை டயரில் இருக்கிறது, உங்களுக்கு எஞ்சினில். பின் எஞ்சின் வைத்த போர்ஷே 911 அத்தனை காலமாகப் புறப்பாட்டில் பேர் வாங்கியதற்கு இந்த 60 சதவீதம் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

விளம்பர எண்களோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். அமெரிக்கப் பத்திரிகைகள் பல, முதல் ஓர் அடி தூரத்தைக் கழித்துவிட்டுத்தான் கடிகாரத்தை ஆரம்பிக்கும். நேர்ப்பாதையில் ஓடும் டிராக் (drag) பந்தய வழக்கம் அது. 1 ஜியில் அந்த ஓர் அடிக்கு கால் நொடி ஆகும், வண்டி அதற்குள் கிட்டத்தட்ட 9 கிமீ வேகத்தில் இருக்கும்.


இரண்டாம்கியர்

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. எண்ணெய்க்கை அண்ணா, அந்தக் கெட்டில் கணக்கைப் படித்த பிறகு கியர்பாக்ஸ் மேல் இருந்த கோபம் போய்விட்டது.

இரண்டு சந்தேகம். பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக அழுத்திப் புறப்படுவார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? கையால் கியர் போடும் வண்டியில் லாஞ்ச் கன்ட்ரோல் இருப்பதாகப் படித்தேன், கிளட்ச் நம் காலில் இருக்கும்போது அது எப்படி?


பதில்: கால்மைல்

இரண்டும் நான் டிராக் பந்தயத்தில் செய்து பார்த்தவை.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டர், எண்ணெய் வழியாக முறுக்குவிசையைக் கடத்துவது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் ஒரு சுற்று வரை ஏறி அதற்கு மேல் போகாமல் நிற்கும். அதை ஸ்டால் என்போம். அந்த நிலையில் எஞ்சின் கொடுக்கும் சக்தி முழுக்க எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குகிறது. டூயல் கிளட்ச்சில் பிரேக்கைப் பிடித்து நிற்கும்போது கிளட்ச் லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பதால் சூடு குறைவு, விட்ட பிறகுதான் சூடு. கன்வர்ட்டரில் நிற்கும்போதே சூடு. அதனால் அதில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஆனால் ஒரு நன்மை, புறப்படும்போது கன்வர்ட்டர் முறுக்குவிசையைப் பெருக்கிக் கொடுக்கும்.

சக்தி கூடக்கூட பிரேக் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாமல் போகும், சக்கரம் பிரேக்கையும் மீறிச் சுழலும். அதற்குத்தான் டிரான்ஸ்பிரேக். கியர்பாக்ஸுக்குள்ளேயே வெளித்தண்டைப் பூட்டிவிடும், பட்டனை விட்டால் பூட்டு திறக்கும். பந்தய வண்டிகளில் வெகு காலமாக இருப்பது. தொழிற்சாலையிலிருந்தே அதோடு வந்தது 2018 மாடல் டாட்ஜ் சேலஞ்சர் டீமன்.

கையால் கியர் போடும் வண்டியில் கம்ப்யூட்டர் பாதி வேலைதான் செய்யும். கிளட்ச் மிதித்திருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினாலும் ஆர்பிஎம்மை ஓர் எல்லையில் பிடித்து வைக்கும். விடும் வேலை உங்கள் காலுடையது. பிறகு டயர் வழுக்கினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பார்த்துக்கொள்ளும். 2016-இல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் அப்படித்தான். பைக்கிலும் உண்டு. 2015 யமஹா ஆர்1-இல் த்ராட்டிலை முழுக்க முறுக்கினாலும் எஞ்சின் 10,000-க்கு மேல் போகாது, கிளட்ச் லீவரை ஓட்டுபவர்தான் விட வேண்டும். நான் இன்னும் காலால் விடுவதையே விரும்புகிறேன். அந்தப் பிடிக்கும் இடத்தைப் பாதத்தில் உணர்வது வேறு எதிலும் கிடைக்காது.

ஃபார்முலா ஒன்றில் இதற்கு ஒரு நீண்ட இழுபறி இருந்தது. 1994-இல் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உள்ளிட்ட ஓட்டுநர் உதவிகளைத் தடை செய்தார்கள். மென்பொருளுக்குள் ஒளித்து வைப்பதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்ததால் 2001 ஸ்பானிஷ் பந்தயத்திலிருந்து திரும்ப அனுமதித்தார்கள். 2004-இல் லாஞ்ச் கன்ட்ரோல் மறுபடி போனது, டிராக்‌ஷன் கன்ட்ரோல் 2008-இல் போனது, அந்த வருடம்தான் எல்லா அணிகளுக்கும் ஒரே இசியூ வந்தது. இன்றும் அங்கே ஓட்டுநர் ஸ்டீயரிங் பின்னால் உள்ள கிளட்ச் லீவரைக் கையால் விட்டுத்தான் புறப்படுகிறார். முதல் வளைவுக்கு முன் ஐந்து இடம் பெறுவதும் இழப்பதும் அங்கே விரல் நுனியில் இருக்கிறது. அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை.


பதில்: நேர்கோடு

கிளட்ச் விஷயத்தில் நான் சொன்னது தவறு, திருத்தியதற்கு நன்றி.

மின்சார வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே வழுக்குவதற்கு கிளட்ச் இல்லை, மோட்டார் பூஜ்ய சுற்றிலேயே முழு முறுக்குவிசையைத் தரும். ஆனால் லாஞ்ச் கன்ட்ரோல் இருக்கிறது. போர்ஷே டைகான் டர்போ எஸ் அறிமுகமானபோது சாதாரணமாக 460 கிலோவாட், லாஞ்ச் கன்ட்ரோலில் சில நொடிகளுக்கு மட்டும் 560 கிலோவாட். சூடு கிளட்ச்சிலிருந்து பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அதனால் அங்கேயும் பேட்டரியின் சூடும் மின்னளவும் சரியாக இருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும்.


இரண்டாம்கியர்

நேற்று மறுபடி தடத்துக்குப் போனேன். இந்தத் தடவை லாஞ்ச் முயற்சிகளை முதலிலேயே வைத்துக்கொண்டேன், விரட்டி ஓட்டுவதைப் பிறகு. ஒவ்வொரு லாஞ்சுக்கும் நடுவே இரண்டு சுற்று மெதுவாக, மேல் கியரில். கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூட்டைத் திரையில் வைத்துப் பார்த்தேன். முதல் முயற்சிக்கு முன் 84 டிகிரி, நான்காவதற்கு முன் 95. நான்கும் வேலை செய்தன. 4.9, 5.0, 5.3, 4.9.

மூன்றாவது மட்டும் ஏன் 5.3 என்று புரியவில்லை. சூடு காரணமில்லை, நான்காவது நன்றாக இருந்ததே. அந்தத் தடவை பிரேக்கைச் சற்று மெதுவாக விட்டேன், கியர்பாக்ஸுக்கு நல்லது என்று நினைத்து. அதனாலா?


பதில்: எண்ணெய்க்கை

அதனால்தான் தம்பி. மெதுவாக ஓட்டி ஆற வைத்தது மிகச் சரி. நிறுத்தி வைத்தால் ஆயில் கூலருக்குக் காற்று வராது. ஓடிக்கொண்டிருந்தால் காற்றும் வரும், பிளேட் வழியாக எண்ணெயும் பாய்ந்துகொண்டிருக்கும்.

பிரேக் விஷயம் இப்படி. பிரேக் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் கியர்பாக்ஸ் கிளட்ச்சை மூட ஆரம்பித்துவிடும். நீங்கள் பெடலை மெதுவாக விட்டால் அந்த நேரத்தில் பிரேக் பேட் இன்னும் டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கிளட்ச் தள்ளுகிறது, மறுபக்கம் பேட் இழுக்கிறது, வண்டி நகரத் தாமதமாகிறது, வழுக்கும் நேரம் நீள்கிறது. நல்லது என்று நினைத்துச் செய்ததில் கிளட்ச்சுக்குத்தான் கூடுதல் சூடு. பாதத்தைப் பெடலிலிருந்து தூக்காதீர்கள், பக்கவாட்டில் சட்டென்று நழுவ விடுங்கள். பெடல் தானாக மேலே வந்துவிடும்.

இன்னொன்று, ஸ்டீயரிங் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் சக்கரம் திரும்பியிருந்தால் லாஞ்சே கொடுக்காது. கொடுத்தாலும் ஒரு பக்க டயர் முன்பே வழுக்கி, மென்பொருள் முறுக்குவிசையை வெட்டிவிடும். உங்கள் 5.3-இல் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். அடுத்த எண்ணெய் மாற்றத்தைக் கையேட்டில் உள்ள தூரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள், வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். தேன் நிறமென்றால் கவலையில்லை. கறுத்துப் போய்க் கருகிய வாடை வந்தாலோ, துணியில் தூள் தங்கினாலோ ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.